கொழும்பு வெள்ளவத்தை வீட்டைக் கொடுத்து இரண்டு ஃபிளாட் வாங்கலாமா?

ஒழுங்கைக்காரன்:
காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் எங்கள் வீடு, பத்துப் பேர்ச்சஸ் காணி, அப்பா 1979இல் வாங்கியது. காணியைக் கொடுத்தால் ஏழு மாடி எழுப்பி இரண்டு வீடு தருவதாக ஒரு கட்டடக்காரர் வந்து நிற்கிறார். எனக்கு ஆசைதான், ஆனால் எதிரே மூன்று தொடர்மாடிகள் வந்த பிறகு பெரிய மழைக்குத் தெருக் கான் (வடிகால்) நிரம்பி எங்கள் முற்றத்துக்கு வருகிறது, பத்துக் குடும்பம் இருந்த ஒழுங்கையில் இப்போது எண்பது குடும்பமாவது இருக்கும், குழாய் மட்டும் அதே பழைய குழாய். நாங்களும் ஏழு மாடி கட்டினால் அந்தத் தண்ணீர் அடுத்த வீட்டுக்குத்தானே போகும்? கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாலாம்மாடி:
2019இல் கொடுத்தோம். இரண்டு வருடத்தில் வீடு தருகிறேன் என்றார் எங்கள் கட்டடக்காரர். கொரோனா வந்தது, அப்புறம் 2022இல் டொலர் இல்லாமல் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போனது, வேலை நின்றது. ஐந்து வருடம் தெஹிவளையில் வாடகைக்கு இருந்தோம், வாடகை எங்கள் கையில் இருந்துதான், ஏனென்றால் ஒப்பந்தத்தில் அதை எழுதவில்லை. வேறு எதை விட்டாலும் அதை எழுதி வாங்குங்கள், உங்கள் சட்டத்தரணியை வைத்து, கட்டடக்காரருடைய ஆளை வைத்து அல்ல. கட்டடம் அனுமதித்தபடி கட்டப்பட்டது என்கிற இணக்கச் சான்றிதழும், ஒவ்வொரு ஃபிளாட்டையும் தனிச் சொத்தாகக் காட்டுகிற, பதிவு செய்த கூட்டாதன வரைபடமும் கைக்கு வராமல் வீடு கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள்.

வெல்லம்பிட்டியான்:
கானை மட்டும் குறை சொல்லாதீர்கள். கொழும்பில் பெய்கிற மழை முன்பு ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை, கொலன்னாவைப் பக்கச் சதுப்பு நிலங்களில் போய்த் தங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வடியும். அதில் பாதிக்கு மேல் மண் கொட்டி வீடு கட்டியாயிற்று என்றுதான் எங்கள் பக்கத்தைப் பார்த்தால் தோன்றும். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது எங்கள் வீட்டில் ஜன்னல் வரை தண்ணீர். 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கிற ராம்சார் உடன்படிக்கையின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம்தான், மிச்சம் இருப்பதையாவது விட்டுவைத்தால் சரி.

வத்தளைத் தம்பி:
ஃபிளாட்டே வேண்டாம் என்று விற்றுவிட்டு வெளியே வந்தவன் நான். வீடு பெரிது, வாழை வைத்திருக்கிறேன், ஆனால் வேலைக்குப் போய்வர ஒரு நாளில் மூன்று மணித்தியாலம் ரோட்டில். மாலபேயில் இருந்து கொழும்புக் கோட்டைக்கு ஜப்பான் கடனில் போட இருந்த இலகு ரயிலையும் 2020இல் நிறுத்திவிட்டார்கள், அந்தப் பக்கத்தில் காணி வாங்கின நண்பர்கள் இன்னமும் பஸ்ஸில்தான் தொங்குகிறார்கள். உங்களுக்கு வாசலில் 100, 101 பஸ், நடந்தால் ரயில், கோயில், பள்ளிக்கூடம், மீன் கடை. அப்படியான இடத்தில் எண்பது குடும்பம் இருப்பது நல்லது என்றே சொல்வேன் அண்ணா. ஆட்கள் கூடினதற்கு ஏற்ப யாரும் குழாயை மாற்றவில்லை, கோபப்பட வேண்டியது அதற்கு.

கொம்பனித்தெரு அக்கா:
உங்களிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், கொடுத்துவைத்தவர்கள். எங்களை அரசாங்கம் தெமட்டகொடைப் பக்கம் பன்னிரண்டாம் மாடிக்கு மாற்றியது. குளியலறை உள்ளேயே இருக்கிறது, கூரை ஒழுகாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா வாசலில் வைத்து இடியப்பம் விற்றவர். பன்னிரண்டாம் மாடிக்கு ஏறி வந்து யார் இடியப்பம் வாங்குவார்கள்? லிஃப்ட் வேறு வாரத்துக்கு ஒருமுறை நின்றுவிடும்.

ஒழுங்கைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நாலாம்மாடி, உள்பெட்டியில் எழுதுகிறேன். இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், வாடகை, சான்றிதழ் எதையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்கா சொன்ன லிஃப்டைத்தான் பிடித்துக்கொண்டார். முதலாம் மாடியில் ஒரு வீடு என்றால் கையெழுத்து வைப்பாராம்.