கேமர்டன்: மூடிய ரயில் பாதையை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி (அல்சூர், பெங்களூரு):
மகளைப் பார்க்க இங்கிலாந்தின் பாத் நகருக்குச் செல்லவிருக்கிறேன். அருகிலுள்ள கேமர்டன் கிராமத்தின் நிலக்கரிச் சுரங்க ரயில் பாதையில் இன்று தண்டவாளமே இல்லையாம். எதை வைத்துத் தடத்தைக் கண்டுபிடிப்பது? நஷ்டத்தில் ஓடிய ரயில் பாதைகளை மூடப் பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கையால்தான் மூடினார்களா?

பதில் 1:
இல்லை ஐயா, அந்த அறிக்கை வந்தது 1963இல். கேமர்டனில் 1950இல் சுரங்கம் மூடப்பட்டு, ஏற்றிச் செல்லச் சரக்கே இல்லாமல் போனதால், மறு ஆண்டே பாதையையும் மூடிவிட்டார்கள். 1910இல் லிம்ப்லி ஸ்டோக் வரை நீட்டிக்கப்பட்ட பகுதி, படகில் நிலக்கரி கொண்டுசெல்ல வெட்டிப் பின்னர் கைவிடப்பட்ட கால்வாயின் தடத்தைப் பெரிதும் ஒட்டியே அமைந்ததால், இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. மேட்டை வெட்டியும் பள்ளத்தில் கரை எழுப்பியும் நேராகச் செல்வது ரயில் பாதை. சரிவின் ஒரே மட்டத்தில் வளைந்து வளைந்து செல்வது கால்வாய். கூம் ஹே கிராமத்தின் அருகே, கால்வாய்ப் படகுகளை மேலே ஏற்றவும் கீழே இறக்கவும் கட்டிய 22 மதகுகளின் கல் எச்சங்களை அவசியம் பாருங்கள்.

பதில் 2:
நான் கோலார் தங்கவயல்காரி. கேமர்டனின் சுரங்கக் கழிவு மேட்டில் ஊசியிலை மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய எங்கள் சயனைடு கழிவு மேடுகளிலோ காற்றடித்தால் புழுதிதான். ஆனால் 2001இல் சுரங்கம் மூடிய பிறகும் எங்கள் மாரிக்குப்பம் நிலையத்து ரயில் சேவை நின்றுபோகவில்லை, ஊரே அதில் ஏறித்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது.

பதில் 3:
அந்தக் கால்வாய்க்கு நில அளவை செய்த வில்லியம் ஸ்மித்தான் 1815இல் புகழ்பெற்ற நிலவியல் வரைபடத்தை வெளியிட்டவர். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய நில அளவை வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.