ஐஸ் பிளான்ட்: அனலாக் மாட்யூல் மாற்றிய பிறகு பிரஷர் கூடுதலாகக் காட்டுகிறது

குளச்சல் ஐஸ்:
குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் பிளான்டில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். மெஷினை ஓட்டும் பிஎல்சி (கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) மிட்சுபிஷி எஃப்எக்ஸ்2என், பக்கத்திலேயே சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் எஃப்எக்ஸ்2என்-4ஏடி அனலாக் மாட்யூல். முதல் சேனலில் அம்மோனியா டிஸ்சார்ஜ் பிரஷர், 0 முதல் 25 பார். இரண்டாவதில் பிரைன் (உப்புத் தண்ணீர்) டாங்க் டெம்பரேச்சர், மைனஸ் 30 முதல் பிளஸ் 20 டிகிரி. இரண்டு டிரான்ஸ்மிட்டரும் 4-20 மில்லி ஆம்ப், அதாவது ரேஞ்சின் கீழ் முனையில் 4, மேல் முனையில் 20 அனுப்பும்.

மே மாத இடியில் மாட்யூல் போய்விட்டது. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம்தானே, மெதுவாகப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். இப்போது அதே மாடலில் செகண்ட் ஹேண்ட் ஒன்று வாங்கி மாட்டி டிரையல் ஓட்டினால், கேஜில் 13 பார், ஸ்கிரீனில் 15.4. புரோகிராமில் 15 பாரில் ட்ரிப் வைத்திருப்பதால் கம்ப்ரசர் பத்து நிமிடம்கூட ஓடுவதில்லை. பிரைனில் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தால் மைனஸ் 10, ஸ்கிரீனில் மைனஸ் 4.

பிரஷர் டிரான்ஸ்மிட்டரை மாற்றிப் பார்த்தேன், அதே கதை. ஆகஸ்ட் 1 அன்று படகுகள் கடலுக்குப் போகும், அதற்கு முன்னே ஐஸ் வேண்டும். யாராவது உதவுங்கள்.

தோவாளை:
ஷீல்டு வயர் எர்த் ஆகியிருக்கா? கடலோரப் பேனல்களில் டெர்மினல் பச்சை பிடித்து ரீடிங் அலையும். முதலில் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றித் துடைத்துப் பாருங்கள்.

குளச்சல் ஐஸ்:
துடைத்தாயிற்று அண்ணே. ரீடிங் அலையவில்லை, தப்பாக நிலையாக நிற்கிறது.

குலசேகரம் ரப்பர்:
அலையாத தப்பு என்றால் நல்லது, கணக்குப் போட்டுப் பிடித்துவிடலாம். தம்பி, லூப் கேலிபிரேட்டர் (வேண்டிய மில்லி ஆம்ப்பைக் கொடுக்கும் கருவி) இருந்தால் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு 4, 12, 20 மில்லி ஆம்ப் கொடுங்கள். ஸ்கிரீனைப் பார்க்க வேண்டாம், பாராக மாற்றும் முன் பிஎல்சிக்குள் வரும் எண் என்ன என்று டி ரெஜிஸ்டரில் (பிஎல்சி எண்களை வைக்கும் இடம்) பார்த்துச் சொல்லுங்கள். மாட்யூலின் வி பிளஸ், ஐ பிளஸ் டெர்மினல்களைச் சேர்த்து ஜம்பர் வயர் போட்டிருக்கிறீர்களா? கரென்ட் சிக்னலுக்கு அது வேண்டும்.

குளச்சல் ஐஸ்:
ஜம்பர் இருக்கிறது அண்ணாச்சி. டி100-இல் பார்த்தது: 4-க்கு 200, 12-க்கு 600, 20-க்கு 1000.

ஆரல்வாய்மொழி காற்றாடி:
மக்கா, இதுக்கா இவ்வளவு யோசனை? டி100-இல் 200 கழித்து 1.25-ஆல் பெருக்கிவிடு. 600 வந்தால் 500 ஆகிவிடும். இன்றைக்கே ஓடும்.

குலசேகரம் ரப்பர்:
காற்றாடி, தயவுசெய்து அதை மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள். நாளைக்கு வேறொரு மாட்யூல் மாட்டுகிறார்கள், அதில் கரென்ட் செட்டிங் சரியாகவே இருக்கிறது என்று வையுங்கள். உண்மையில் 13 பார் இருக்கும்போது 520 வரும். உங்கள் கணக்கில் அது 400 ஆகி, ஸ்கிரீனில் 10 பார் என்று நிற்கும். அம்மோனியா பிரஷரைக் குறைத்துக் காட்டுவது கூட்டிக் காட்டுவதைவிட மோசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அந்த மூன்று எண்ணிலேயே விடை இருக்கிறது. கரென்ட் இன்புட்டில் மாட்யூல் உள்ளே 250 ஓம் ரெசிஸ்டர். 4 மில்லி ஆம்ப் அதில் போனால் 1 வோல்ட், 20 போனால் 5 வோல்ட். வோல்டேஜ் ரேஞ்சில் 10 வோல்ட்டுக்கு 2000 என்று இந்த மாட்யூல் கணக்கிடும், ஆக 1 வோல்ட்டுக்கு 200, 5 வோல்ட்டுக்கு 1000. கரென்ட் ரேஞ்சில் 4-க்கு 0, 20-க்கு 1000 வரவேண்டும். மேல் முனையில் இரண்டு கணக்கும் ஒன்றாகிவிடுவதால்தான் 20-இல் எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுகிறது. மாட்யூல் இப்போது வோல்டேஜ் மோடில் இருக்கிறது.

இதை முடிவு செய்வது மாட்யூலுக்குள் இருக்கும் பஃபர் மெமரி 0. நான்கு ஹெக்ஸ் (16 அடிப்படை எண்) இலக்கம், சேனலுக்கு ஒன்று. 0 என்றால் பிளஸ் மைனஸ் 10 வோல்ட், 1 என்றால் 4-20, 2 என்றால் பிளஸ் மைனஸ் 20 மில்லி ஆம்ப், 3 என்றால் சேனல் ஆஃப். கம்பெனியிலிருந்து வரும்போது எச்0000 (எச் என்றால் ஹெக்ஸ்), நாலும் வோல்டேஜ். பிஎல்சியிலிருந்து மாட்யூலுக்கு எழுதுவது ‘டூ’ இன்ஸ்ட்ரக்ஷன். உங்கள் புரோகிராமில் பஃபர் 0-க்கு எழுதும் ‘டூ’ இருக்கிறதா?

குளச்சல் ஐஸ்:
புரோகிராம் முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு ‘டூ’ கூட இல்லை. மாட்யூலிலிருந்து படிக்கும் ‘ஃப்ரம் கே0 கே5 டி100 கே2’ மட்டும்தான். கமென்டும் கிடையாது. அப்படியானால் பழைய மாட்யூல் இத்தனை வருஷம் எப்படிச் சரியாக ஓடியது?

குலசேகரம் ரப்பர்:
பஃபர் 0-இன் மதிப்பு மாட்யூலின் ஈஈப்ராம் என்ற நிரந்தர மெமரியில் தங்கிவிடும். முதலில் கமிஷனிங் செய்தவர் லேப்டாப்பிலிருந்து ஒரு முறை கையால் எழுதிவிட்டுப் போயிருப்பார். பவர் போனாலும் அழியாது. மாட்யூல் செத்ததும் செட்டிங்கும் கூடவே செத்தது. எங்கள் பேக்டரி டிரையரில் எனக்கும் இதேதான் நடந்தது, அன்றைக்குச் சொல்லித்தர ஆளில்லை.

முதலில் பஃபர் 30-ஐப் படித்து 2010 வருகிறதா பாருங்கள், அதுதான் 4ஏடியின் அடையாள எண். செகண்ட் ஹேண்ட் என்பதால் யாராவது ஆஃப்செட், கெயின் என்ற அளவுத் திருத்தங்களில் கை வைத்திருக்கலாம். அதற்கு பஃபர் 20-இல் ஒரு முறை 1 எழுதுங்கள், எல்லாம் கம்பெனி நிலைக்குப் போய்விடும். சில விநாடி கழித்து பஃபர் 0-க்கு எழுதுங்கள். பஃபர் 0-க்கு எழுதுவதைப் புரோகிராமிலேயே எம்8002 கான்டாக்டில் போட்டுவிடுங்கள், ரன் ஆகும் முதல் ஸ்கேனில் மட்டும் எழுதும். எம்8000-இல் போடாதீர்கள், அது ஓடும் நேரமெல்லாம் ஆனிலேயே இருக்கும். ஈஈப்ராம் சுமார் 10,000 முறை மாற்றத்தைத்தான் தாங்கும்.

குளச்சல் ஐஸ்:
எம்8002-இல் ‘டூ கே0 கே0 எச்1133 கே1’ போட்டேன். இப்போது இரண்டு சேனலும் அசையவே மாட்டேன் என்கிறது. 12 கொடுத்தாலும் 20 கொடுத்தாலும் ஒரே எண்.

தோவாளை:
தம்பி, திருப்பிப் போட்டுவிட்டீர்கள். முதல் சேனல் வலது ஓரம். நீங்கள் போட்டது 3, 4-ஐ ஓட்டி 1, 2-ஐ ஆஃப் செய்திருக்கிறது. எச்3311 போடுங்கள். கே3311 என்று அடித்துவிடாதீர்கள், அது டெசிமல், வேறு எண்ணாகிவிடும்.

ஆரல்வாய்மொழி காற்றாடி:
கே0 என்பது பிஎல்சிக்கு மிக அருகில் இருக்கும் ஸ்பெஷல் மாட்யூல். நடுவில் வேறு அனலாக் மாட்யூல் செருகினால் இது கே1 ஆகிவிடும், மறந்துவிடாதே மக்கா. 200 கழிக்கச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

குளச்சல் ஐஸ்:
எச்3311 போட்டாயிற்று. 4-க்கு 3, 12-க்கு 502, 20-க்கு 1000. கம்ப்ரசர் இரண்டு மணி நேரமாக ஓடுகிறது, கேஜும் ஸ்கிரீனும் 13-இல் நிற்கின்றன. பிரைன் மைனஸ் 10. ரொம்ப நன்றி அண்ணாச்சி. அந்த 3-ஐ என்ன செய்வது?

குலசேகரம் ரப்பர்:
விட்டுவிடுங்கள். 25 பாரில் அது 0.075, உங்கள் கேஜ் ஊசியின் தடிப்புக்குக்கூட வராது. அதை விட்டு வேறொன்று கேட்கிறேன்: ஹை பிரஷர் கட்-அவுட் ஸ்விட்ச், பிஎல்சியை நம்பாமல் நேராக ஸ்டார்ட்டர் காயிலில் வயர் ஆகியிருக்கிறதா?

குளச்சல் ஐஸ்:
ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் வயர் பிஎல்சி இன்புட்டுக்குத்தான் போகிறது. நாளைக்குக் காலையில் மாற்றிவிடுகிறேன்.