புழக்கடையில் விறகு அடுக்கியதால் பக்கத்து வீட்டாருடன் வந்த மனக்கசப்பு: என்ன செய்யலாம்?

கேள்வி: பொடக்காலி

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தின் ஓரத்தில், எட்டு சென்ட் மனையில் எங்கள் வீடு இருக்கிறது. அன்றாடச் சமையல் எரிவாயுவில்தான் நடக்கிறது என்றாலும், விறகில் காய்ந்த வெந்நீரில் குளித்தால்தான் அம்மாவுக்கு உடம்புவலி தீரும் என்பதால், பின்புறம் ஒரு செப்பு பாய்லரும், விசேஷ நாட்களில் பலகாரம் சுடுவதற்கு ஒரு கோட்டை அடுப்பும் வைத்திருக்கிறோம். (எங்கள் ஊரில் பின்புறத்தைப் பொடக்காலி என்போம், என் புனைபெயரும் அதுவே.)

சென்ற சித்திரையில் கோடை மழையோடு அடித்த சூறைக்காற்றில், மேற்கு எல்லையை ஒட்டி எங்கள் மனையில் நின்ற பழைய புளியமரம் வேரோடு சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பெரிய கிளை ஒன்று மதிலைத் தாண்டி மேற்கு வீட்டுப் பக்கம் விழுந்தது. தோட்டத்தில் பட்டுப்போய் நின்ற இரண்டு வேப்பமரங்களையும் அந்தச் சமயத்திலேயே வெட்டிக் கொண்டுவந்து இறக்கினோம். எல்லாம் சேர்ந்து மூன்று டன்னுக்குக் குறையாது. மிஷின் வைத்து அறுப்பவர் வெயிலுக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று காலை ஐந்தரை மணிக்கே வந்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. துண்டுகளைப் பிளந்து, இடம் மிச்சமாகட்டும் என்று மேற்கு மதிலோடு சேர்த்து ஆள் உயரத்துக்கு அடுக்கி, மழைக்குத் தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் இழுத்துக் கட்டிவிட்டேன்.

அன்று தொடங்கியது சச்சரவு. மேற்கு வீட்டில் இருப்பவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். பதினோரு ஆண்டுகளாக நான் மாமா என்று கூப்பிட்டுப் பழகியவர். அறுத்த தூள் பறந்து அவர்கள் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த வடகத்தில் படிந்துவிட்டது. அத்தை அந்தத் துணியை அப்படியே சுருட்டிக்கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனார். பிறகு மிஷின் சத்தம், பிறகு கறையான், பிறகு பாம்பு வரும் என்ற பேச்சு, பிறகு புகை. மதிலைத் தாண்டி விழுந்த கிளை தனக்குத்தான் சொந்தம் என்கிறார். நகராட்சியில் மனு கொடுக்கப்போவதாகவும் பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது எங்களுக்குள் செய்தி போவதும் வருவதும் அவர் மூலமாகத்தான்.

நாங்கள் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதில் அவர் பக்கம் நியாயம், எதில் வெறும் கோபம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: விறகுக்கடைக்காரர் மகன்

தம்பி, என் அப்பா முப்பது ஆண்டுகள் விறகுக்கடை நடத்தியவர்; தராசுக்கு அடியிலேயே வளர்ந்தவன் நான். நீங்கள் எழுதியதில் என் கண்ணை உறுத்தியது மிஷினும் அல்ல, புகையும் அல்ல, "மதிலோடு சேர்த்து" என்ற இரண்டு சொற்கள்தான். மற்றவை ஒரு வாரத்தில் மறந்துபோகும். கறையான் மதிலைப் பிடித்து அவர் வீட்டு நிலைக்கதவு வரை போய்விட்டால், அதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது.

கறையான் மண்ணிலிருந்து வருவது. ஈரமும் இருட்டும் இருந்தால் போதும், மரத்துக்கும் தரைக்கும் நடுவே விரல் அகலத்தில் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறிவிடும். தரையில் நேராகக் கிடக்கும் கட்டை, அதன்மேல் உரிக்காத பட்டை, அதற்கும் மேல் காற்றுப் புகாத தார்ப்பாய் என்று நீங்கள் அதற்குக் குடித்தனமே அமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். வேம்பு கசக்கும், கறையான் தொடாது என்று சொல்லுவார்கள். வைரம் பாய்ந்த பகுதி ஓரளவு தாங்கும் என்பது உண்மைதான், ஆனால் வெளிப்புறத்து வெள்ளைக்கட்டைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஆகவே முதல் வேலையாக அடுக்கைப் பிரித்துவிடுங்கள். மதிலிலிருந்து இரண்டடி தள்ளி, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைந்து கூட்டும் அளவுக்கு வழி விடுங்கள். தரையில் கருங்கல்லோ ஹாலோ பிளாக்கோ போட்டு, அதன்மேல் இரண்டு இரும்புக் குழாய்களைப் படுக்கவைத்து, முதல் வரிசை தரையிலிருந்து முக்கால் அடியாவது உயர்ந்து நிற்கும்படி அடுக்குங்கள். குனிந்து பார்த்தால் அந்தப் பக்கத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தால் மண்குழாயும் தெரியும், பாம்பும் தெரியும். இரண்டு முனைகளிலும் ஒரு வரிசை குறுக்கே, ஒரு வரிசை நெடுக்கே என்று மாற்றி மாற்றி வைத்தால் முட்டுக்கொடுக்காமலேயே அடுக்கு நிற்கும். உயரம் நெஞ்சைத் தாண்ட வேண்டாம். மேலே மட்டும் தகரம் போட்டுக் கல்லை வையுங்கள். பக்கங்களைத் திறந்தே விடுங்கள். சாரல் பட்ட விறகு இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். தார்ப்பாய்க்குள் புழுங்கிய விறகில் பூஞ்சைதான் பிடிக்கும்.

பட்டையை உரிப்பது சலிப்பான வேலை, ஆனாலும் உரித்துவிடுங்கள். வேம்பில் பட்டை எளிதாகக் கழன்றுவிடும். புளி அப்படியல்ல, அதன் இழை பின்னிக்கிடக்கும். பச்சையாக இருக்கும்போதே ஆப்பு வைத்துச் சம்மட்டியால் பிளந்துவிட்டால் உண்டு, காய்ந்தபின் கோடாரியின் வாய்தான் மழுங்கும். அடிமரத்தை இன்னும் பிளக்கவில்லை என்றால், பிளக்கவே பிளக்காதீர்கள். கறிக்கடைக்காரர்கள் வெட்டுக்கட்டைக்குப் புளியின் அடிமரத்தைத்தான் தேடுவார்கள். ஒரு முழ உயரத்துக்கு அறுத்துக் கொடுத்தால் விறகு விலையைவிடப் பல மடங்கு கிடைக்கும். அந்தப் பணத்தில் மதில் பூச்சைச் சரிசெய்து கொடுக்கலாம்.

பாம்பைப் பற்றிய பயத்தைச் சாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பாம்பு விறகுக்காக வருவதில்லை, அதற்குள் ஒளியும் எலிக்காக வருகிறது. தேங்காய் மட்டையையும் தீவன மூட்டையையும் அடுக்குக்குப் பக்கத்தில் வைத்தால் எலி வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது; ஆகவே பொழுது சாய்ந்தபின் கட்டை எடுக்கப் போகாமல், மறுநாளுக்கு வேண்டியதைப் பகலிலேயே எடுத்து வையுங்கள். எடுக்கும்போதும் ஒரு தடியால் தட்டிவிட்டு, மேல்வரிசையிலிருந்து எடுங்கள். நடுவில் கையை விட்டு உருவாதீர்கள். அப்படியும் பாம்பு தென்பட்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்களே வந்து பிடித்துச் செல்வார்கள்.

பதில்: மதிலுக்கு அந்தப் பக்கம்

நான் உங்கள் மேற்கு வீட்டு அத்தையின் நிலையில் நான்கு ஆண்டுகள் இருந்தவள் என்பதால் எழுதுகிறேன். எங்கள் கிழக்கு வீட்டில் விறகடுப்பு. என் மகளுக்கு இளைப்பு. காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டிய மணம் வந்ததும் நான் எழுந்து ஓடி சன்னலைச் சாத்துவேன். அந்த வீட்டுக்காரர் கெட்டவர் அல்லர்; ஒருமுறை கேட்டபோது, "விறகு என்றால் புகையத்தானே செய்யும்?" என்றார்.

அப்படி அல்ல என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வெட்டிய புதிதில் பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராக இருக்கும். அடுப்பின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே போய்விடுவதால், கட்டை எரியாமல் கனன்று கரும்புகையாகக் கக்கும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த விறகு சடசடவென்று பிடித்து எரியும்; புகை அறவே இராது என்று சொல்லமாட்டேன், ஆனால் கண்ணைக் கரிக்கும் அளவுக்கு இராது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள்: காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று கேட்கும். சித்திரையில் சாய்ந்த புளியைத் தார்ப்பாய்க்குள் மூடி வைத்து எரித்தால் அது ஈரப்புளியேதான். இந்த ஆண்டு முழுவதும் பட்டுப்போன வேம்பை மட்டும் எரித்துவிட்டு, புளியை அடுத்த கோடை வரை தொடாமல் விடுங்கள்.

இன்னொன்று. பற்றவைப்பதற்குப் பிளைவுட் துண்டு, பெயின்ட் அடித்த பழைய சட்டம், பிளாஸ்டிக் பை எதையும் போடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அதுதான் நடந்தது. வேலியில் வெட்டிப்போட்ட அரளியும் வேண்டவே வேண்டாம். அதன் புகையே நஞ்சு.

வடகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை நீங்கள் சிறிய விஷயமாக ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விடியுமுன் எழுந்து கூழ் காய்ச்சி, இடுப்பொடிய மாடிப்படி ஏறிப் பிழிந்துவிட்டு வந்தவருக்கு அது ஒரு வரி அல்ல. அத்தையிடம் யாராவது போய் மன்னிப்புக் கேட்டீர்களா?

பதில்: வட்டாட்சியர் அலுவலகத்து வாசல்

மனு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். ஒலி மாசு தொடர்பாக 2000ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் விதிகளின்படி, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. பகல் என்பது காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை. மரம் அறுக்கும் மிஷின் அருகில் நிற்பவர் காதுக்கு 100 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும். பத்து மீட்டர் தள்ளினாலும் ஏறக்குறைய 20 டெசிபல்தான் குறையும். ஐந்தரை மணிக்கு மிஷின் ஓடியது என்றால் அது இரவுக் கணக்கில் சேரும். இதில் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. இனி முன்னாளே அவரிடம் சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரே நாளில் அறுத்து முடியுங்கள். கோடாரி வேலைக்கு யாரும் வழக்குப் போடமாட்டார்கள்.

பொதுத் தொல்லையை அகற்றக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கும் வழி ஒன்று உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவாகியிருக்கிறது. ஆனால் அது தெருவுக்கும் ஊருக்கும் வரும் தொல்லைக்கானது. இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள பிணக்குக்கு உரியது உரிமையியல் நீதிமன்றம். அதற்கும் முன்பாக வட்ட சட்டப் பணிகள் குழுவில் கட்டணமின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

கிளை விஷயத்தில் அவர் சொல்வது செல்லாது. அடிமரம் யார் மண்ணில் நிற்கிறதோ அவருக்கே மரம் சொந்தம். எல்லை தாண்டி நீளும் கிளையை அண்டை வீட்டார் எல்லைக்கோடு வரை வெட்டிவிடலாம். வெட்டிய கட்டையைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. இப்படி எழுதிவிட்டேனே தவிர, உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் கிளையை அவரிடமே விட்டிருப்பேன். அது விழுந்ததில் உடைந்த செடிகளுக்கு நீங்கள் ஈடு கொடுத்ததாக எதுவும் எழுதவில்லை.

மீண்டும்: பொடக்காலி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அடுக்கைப் பிரித்தோம். அடிவரிசைக் கட்டைகள் தரையோடு ஒட்டிக்கொண்டு, கடப்பாரையால் நெம்பினால்தான் வந்தன. பட்டையைக் கிழித்தால் உள்ளே முழுவதும் ஈர மண். மதிலில் மூன்று இடங்களில் மண்குழாய் ஏறியிருந்தது, ஒன்று உச்சியைத் தொட இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. அதைச் சுரண்டாமல் வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட நானே போனேன். வந்தார், குனிந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து மட்டப்பலகையும் கொத்தனாரின் கைப்பேசி எண்ணும் வந்தன, இந்த முறையும் பால்காரர் மூலமாகத்தான்.

அடிமரத்தில் நான்கு வெட்டுக்கட்டைகள் தேறின; அந்தப் பணம் பூச்சு வேலைக்குச் சரியாக இருந்தது. கிளை அவர்களிடமே இருக்கிறது. அம்மா அரிசியும் சவ்வரிசியும் வாங்கிக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனவர், அங்கேயே உட்கார்ந்து இரண்டு பேருமாக வடகம் பிழிந்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் திரும்பினார். மாமா இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. பாய்லரின் புகைக்குழாய் அவர்கள் சமையலறைச் சன்னலின் உயரத்திலேயே நிற்கிறது. அதை எவ்வளவு உயர்த்த வேண்டும்?

பதில்: மதிலுக்கு அந்தப் பக்கம்

அவர்கள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் மேலே மூன்றடி போகட்டும். முழங்கை வளைவு வைக்காமல் நேராக ஏற்றுங்கள், வளைவில் கரி அடைத்துக்கொள்ளும். வடகம் காய்கிற நாட்களில் மட்டும் விடியுமுன்னே தண்ணீரைக் காய வைத்துவிடச் சொல்லுங்கள்.