அயுத்தயாவில் எங்கே, என்ன சாப்பிட்டீர்கள்?

தாய்லாந்தின் பழைய தலைநகரமான அயுத்தயா பாங்காக்கிலிருந்து வடக்கே 80 கிலோமீட்டர்தான், காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்கள். வாட் மஹாதாட் கோயிலில் மரவேர்கள் கவ்விப் பிடித்திருக்கும் புத்தர் தலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆங்கிலப் பலகை மாட்டிய குளிர்சாதன உணவகங்களைத் தாண்டி, தகரக் கூரை போட்ட ஒரு படகு நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தோம்.

கால்வாயில் படகிலிருந்தே விற்ற காலத்துப் பழக்கம் அது. கரைக்கு நீட்டும்போது சிந்தக்கூடாது என்பதால் கிண்ணத்தைச் சிறிதாக வைத்தார்களாம். படகு போய்விட்டது, கிண்ணம் வளரவில்லை. கடைக்கார அம்மா ஒரு பிடி அரிசி நூடுல்ஸைக் கம்பிக் கூடையில் போட்டு, கொதிநீரில் முக்கி, இரண்டு உதறு உதறிக் கவிழ்த்தார். மேலே ஒரு கரண்டி கரும்பழுப்புச் சாறு, கொஞ்சம் துளசி, பொரித்த பன்றித்தோல். அந்த நிறத்துக்கும் கெட்டிக்கும் காரணம் பன்றி அல்லது மாட்டு இரத்தம். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு திட்டாதீர்கள்! நாலு வாயில் காலி. வெற்றுக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டே போக வேண்டியது. எண்ணித்தான் பணம் வாங்குகிறார்கள். மேசையில் சர்க்கரை, மீன் சாறு, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர் நான்கும் இருக்கும். சுவை பார்த்த பிறகு நீங்களே கலந்துகொள்ள வேண்டும்.

* * *

மேலே ஒருவர் எழுதியிருப்பதைப் படித்தால் என் அம்மா மறுபடி அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டார். நாங்கள் சைவம். "இறைச்சி வேண்டாம்" என்று சைகை காட்டினால் போதாது, நண்பர்களே. ஒரு கடையில் கீரை வதக்கல் கேட்டோம். இறைச்சி இல்லை, சிப்பிச் சாறு இருந்தது. அவர்கள் கணக்கில் அது வெறும் சுவையூட்டி. பப்பாளிச் சாலட்டிலும் மீன் சாறும் உலர்ந்த இறாலும் சேரும்.

"ஜே" என்று கேளுங்கள், அங்கே சுத்த சைவத்துக்கு அதுதான் பேர். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து பறக்கும் கடைகள் அந்த வகை. முட்டை கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அம்மாவுக்குப் பரம திருப்தி. அப்படிக் கடை கண்ணில் படாவிட்டால் "மை சை நாம் ப்லா" என்றால் மீன் சாறு போடாதே என்று புரிந்துகொள்கிறார்கள். ஏப்ரல், மே மாதம் போனால் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் கிடைக்கும். ஒரு வேளை அதிலேயே ஓடிவிடும்.

* * *

நூடுல்ஸோடு திரும்பியவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மூன்று ஆறுகள் சூழ்ந்த ஊர் அது. அங்கே போய் ஆற்று இறால் சாப்பிடாமல் வரலாமா? நீளவாக்கில் பிளந்து கரியில் சுட்டுத் தருவார்கள். தலைக்குள் ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு உருகி நிற்கும். அதை வழித்துச் சூடான சோற்றில் பிசைந்து, பச்சைமிளகாயும் எலுமிச்சையும் அரைத்த சாற்றைத் தொட்டுக்கொண்டால் பேச்சு வராது. மலிவில்லைதான். எடைக்கு விற்பதால், தராசில் ஏற்றும் முன்பே கிலோ விலையைக் கேட்டுவிடுங்கள். ஆற்றங்கரை மேசைக்குத் தனி விலை உண்டு. சந்தைக்குள் அதே இறால் மலிவு.

* * *

இனிப்பை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. ஊ தோங் சாலையில், மருத்துவமனைக்கு எதிரே, வரிசையாக ரொட்டி சாய்மாய் கடைகள். பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள் நடத்துபவை. சோன்பப்டியை நீட்டி நூலாக்கியதுபோல் வண்ணவண்ணச் சர்க்கரை இழைகள். அதைப் பச்சை நிற மெல்லிய ரொட்டியில் நாமே சுருட்டிக்கொள்ள வேண்டும். அடுப்படியில் நிற்பவர் ஈரமாவு உருண்டையைக் கையிலேயே வைத்து, சுடுகல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எடுக்கிறார். கல்லில் ஒட்டியிருக்கும் படலம்தான் ரொட்டி. விரல் சுடாமல் எப்படிச் செய்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

1767-இல் பர்மியப் படை இந்த நகரத்தை எரித்ததைப் பற்றி வழிகாட்டிகள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் இழையிழையாக ஊற்றும் ஃபோய் தோங், போர்த்துக்கீசியர் வழியாக இந்த அரசவைக்கு வந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. சந்தையில் அதுவும் கிடைக்கும், ஆனால் திகட்டும்.

ரொட்டியும் இழையும் தனித்தனிப் பையில்தான் தருவார்கள். பையைத் திறந்து வைக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் இழை கட்டிதட்டிவிடும். பாங்காக் ரயிலிலேயே முடித்துவிடுவது நல்லது.