வரைந்தவர் ஒருவர், தைத்தவர்கள் ஆயிரம்: ஸ்காட்லாந்தின் வரலாற்றுத் துணி யாருடையது?

பூத்தையல்: “ஸ்காட்லாந்தின் வரலாற்றைச் சொல்லும் கிரேட் டாபெஸ்ட்ரி ஆஃப் ஸ்காட்லாந்து என்னும் பூத்தையல் துணி மக்கள் படைப்பன்று, அது ஆண்ட்ரூ க்ரம்மியின் ஓவியம், மற்றவர்கள் அவருடைய கோட்டின் மீது நூல் ஓட்டினார்கள், அவ்வளவே” என்று கரிக்கோல் நேற்று எழுதியிருந்தார். நூல் ஓட்டினார்களாம்! 143 மீட்டர் நீளத்தில் 160 சதுரங்களை ஏறத்தாழ ஆயிரம் பேர் ஊர் ஊராகக் கூடி, லினன் துணியில் கம்பளி நூலால் தைத்து, 2013இல் எடின்பரோ நாடாளுமன்றத்தில் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்த உழைப்பை இப்படி ஒற்றைச் சொல்லில் தள்ளிவிடுவது அநீதி.

கரிக்கோல்: உழைப்பை நான் மறுக்கவில்லை, அம்மா. எந்த நிகழ்ச்சிகள் இடம்பெற வேண்டும் என்பதை வரலாற்றாசிரியர் அலிஸ்டர் மொஃபட் வகுத்தார். கோடுகளை க்ரம்மி வரைந்தார். கோடு இல்லையேல் அங்கே வெறும் துணிதான்.

பூத்தையல்: ஊசி இல்லையேல் அங்கே வெறும் கோடுதான். எந்த இடத்தில் சங்கிலித்தையல், எந்த இடத்தில் காம்புத்தையல், வானத்துக்கு எத்தனை நீலம் என்பவற்றைத் தைத்தவர்களே முடிவு செய்தார்கள்.

தறிமேடை: இருவரும் பொறுத்தருள்க. க்ரம்மி அதற்கு முன்பே பிரஸ்டன்பான்ஸ் ஊருக்காக 104 மீட்டர் துணியை வடிவமைத்தவர். அதைக் கண்ட பின்னரே எழுத்தாளர் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித்துக்கு இந்த எண்ணம் தோன்றியது. எனவே முதற்பெருமை பிரஸ்டன்பான்ஸ் மக்களுக்கே உரியது.

கரிக்கோல்: அங்கேயும் கோடு க்ரம்மியுடையதே என்பதைத் தாங்களே சொல்லிவிட்டீர்கள்.

பூத்தையல்: மறுபடியும் கோடு! 2015இல் கர்க்கால்டி கண்காட்சியிலிருந்து ராஸ்லின் தேவாலயத்தைக் காட்டும் சதுரம் திருடப்பட்டதே, அதற்கு ஈடு தந்தது எது? மீண்டும் உட்கார்ந்து தைத்த கைகள்.

கரிக்கோல்: வடிவம் இருந்ததால்தான் மீண்டும் தைக்க முடிந்தது. தாங்கள் எடுத்துக் கொடுத்த சான்று எனக்கே துணை நிற்கிறது.

தறிமேடை: இது காலாஷீல்ஸில் 2021இல் நிலையான இடம் பெற்றது மிகப் பொருத்தம்; அது கம்பளி ஆலைகளால் வளர்ந்த ஊர். தலைநகரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பவர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கரிக்கோல்: தலைநகரில் இருந்திருந்தால் பத்து மடங்கு பேர் பார்த்திருப்பார்கள்.

பூத்தையல்: பேச்சை இடத்தின் பக்கம் திருப்ப வேண்டாம். நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைச் சொல்லும், சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பழைய பேயூ துணியை வரைந்தவர் பெயரும் தெரியாது, தைத்தவர் பெயரும் தெரியாது. ஆயினும் அவர்களின் தையல் இன்றும் நம் முன் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் தைத்தவர்கள் நம் காலத்தில் வாழ்கிறவர்கள். அவர்களையும் பெயரற்றவர்களாக்க நான் இடம்தர மாட்டேன்.

கரிக்கோல்: பேயூவுக்கும் ஒருவர் வரைந்திருப்பார், அம்மா.

பூத்தையல்: வரைந்திருக்கட்டும். தைத்தது யார் என்றுதான் முதலிலிருந்தே கேட்கிறேன். அதற்கு இதுவரை பதில் வரவில்லை.