அடுப்படியில் கேட்ட வேதபாடம்

நெல்லை சகோதரி:
கல்யாணமாகி வந்த முதல் வருஷம். சனிக்கிழமை சாயங்காலம் எங்க வீட்ல ஜெபக்கூட்டம். ஹால்ல ஆண்கள் பாய் விரிச்சு உட்கார்ந்திருக்காங்க, நானும் நாத்தனாரும் அடுப்படியில. இருபத்தஞ்சு டம்ளர் டீ. சபைப் போதகர் ஐயர் எடுத்த பகுதி லூக்கா 10: வீட்டு வேலையில அலைஞ்ச மார்த்தாளும், இயேசு பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட அவ சகோதரி மரியாளும். பால் பொங்குற அவசரத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு.

அப்போ, முன்னாடி வேதாகம ஸ்திரீயா, பெண்களுக்கு வேதம் சொல்லித் தர்ற ஊழியம் செஞ்ச ஒரு பாட்டி எந்திரிச்சு வந்து கேஸை அணைச்சாங்க. "ஏ பிள்ளைகளா, வாங்க. டீ எங்கயும் ஓடிப் போயிராது."

மாமனார் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். பாட்டி என்னைப் பக்கத்துல உட்கார வச்சு அப்போஸ்தலர் 22:3-ல விரலை வச்சாங்க. பவுல், தன் குரு கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தேன்னு சொல்ற இடம். மரியாள் உட்கார்ந்ததும் அதே 'பாதத்தருகே'. "குருகிட்ட படிக்கிற சீஷன் உட்கார்ற இடம்ளா அது. அவளை விட்டெடுபடாத பங்குன்னு கர்த்தரே சொல்லிட்டாரு, அப்புறம் யாரு எடுக்க?"

அன்னைக்கு டீ போட்டது என் வீட்டுக்காரர்.

தூத்துக்குடி சகோதரர்:
எனக்கு இப்படி ஒரு வேதபாடம் கிடைச்சது கல்யாணத்துக்கு முந்தின வாரம். ஐயர் என்னையே எபேசியர் 5 வாசிக்கச் சொன்னார். நேரா 22-ம் வசனத்துக்குப் போய் 'மனைவிகளே'ன்னு ஆரம்பிச்சேன். "ஒரு வசனம் மேல போங்க தம்பி." 21: 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்.' அப்புறம் எண்ணச் சொன்னார். மனைவிக்கு மூணு வசனம். 25-லிருந்து அதிகாரம் முடியுற வரைக்கும் பெரும்பாலும் புருஷனுக்கு.

புருஷன் தலைங்கிறதை இன்னும் நம்புறேன், இங்க சில சகோதரிகள் ஒத்துக்க மாட்டீங்க. ஆனா கிறிஸ்து சபைக்காகத் தம்மையே கொடுத்த மாதிரின்னு எழுதியிருக்கும்போது, அதட்டுறதுக்கு இடமே இல்ல. அவளுக்குச் சம்மதம் இல்லாத முடிவை நான் எடுக்கிறதில்ல. ஜெபிச்சுட்டு மறுபடி பேசுவோம். வளைகுடா வேலையை அப்படித்தான் விட்டேன்.

மதுரை சகோதரி:
2013-ல நந்தியால் பேராயத்துக்குப் புஷ்ப லலிதா அம்மா பேராயரானாங்க, தென்னிந்தியத் திருச்சபையில முதல் பெண் பேராயர். அப்போ எங்க வீட்ல இதைப் பத்திப் பெரிய வாக்குவாதம். மாமியார் ஒரு வார்த்தை பேசல. போன வருஷம் அவங்க கர்த்தருக்குள் நித்திரையடைஞ்ச பிறகு அவங்க வேதாகமத்தைத் திறந்தா, புஷ்ப லலிதா அம்மா பேராயரான செய்தி வந்த பேப்பர் துண்டு அப்போஸ்தலர் 9-ல இருந்துச்சு. தபீத்தாளைச் சொல்ற வசனத்துல 'சீஷி', அதாவது பெண் சீஷர்ங்கிற சொல்லுக்குக் கீழே பென்சில் கோடு.