பாப்பாவுக்குத் தாழ்வான கட்டில்: எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

மலர்: பெரியப்பா, ஓய்வாக இருக்கிறீர்களா? பாப்பாவுக்கு ஒன்றரை வயது ஆகப்போகிறது. தொட்டில் கட்டிலின் கம்பியில் கால் வைத்து ஏறுகிறாள். இனி அதில் விட முடியாது. தரையை ஒட்டித் தாழ்வாக ஒரு கட்டில் போடலாம் என்று பார்க்கிறோம்.

செந்தில்: கட்டில் எதற்கு அக்கா? மெத்தையைத் தரையில் போட்டால் வேலை முடிந்தது.

மலர்: இப்போதைக்கு அப்படித்தான் போட்டிருக்கிறோம்.

பெரியப்பா: எழுந்து போய் அந்த மெத்தையின் மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார். பிறகு பேசலாம்.

மலர்: பார்த்துவிட்டேன். மேல்துணி நன்றாகக் காய்ந்திருக்கிறது. அடியில் கை வைத்தால் சில்லென்று ஈரம். சுவரோரத் தையல் நெடுக மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்.

பெரியப்பா: பூஞ்சை. தூங்குகிறவரின் வியர்வை மெத்தைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். தரை உடம்பைவிடக் குளிர்ச்சியானது. ஈரம் அங்கே போய்ப் படிந்துவிடும். காற்று புக வழியில்லை என்றால் எப்படிக் காயும்?

செந்தில்: அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுவிட்டால்?

பெரியப்பா: கெட்டது குடி! ஈரம் தரையிலிருந்து மட்டும் ஏறுகிறது என்று நினைத்துவிட்டாய். மேலிருந்து இறங்குவதை என்ன செய்வாய்? பிளாஸ்டிக் அதை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அத்தை: மலர், அந்தப் புள்ளிகள் இருக்கிற மெத்தையில் பாப்பாவை இனிப் படுக்க வைக்காதே. வெயிலில் போட்டால் ஈரம் காயும், உள்ளே ஏறிய பூஞ்சை போகாது. சளி, இழுப்பு என்று வந்தபின் வருத்தப்பட்டுப் பயனில்லை.

மலர்: சரி அத்தை, மாற்றிவிடுகிறேன். பெரியப்பா, கட்டிலை எப்படிச் செய்வது?

பெரியப்பா: கால் வேண்டாம். நீளவாக்கில் மூன்று கட்டைகள்: இரண்டு ஓரங்களில், ஒன்று நடுவில். நடுக்கட்டையை விட்டுவிட்டால் நாளடைவில் பலகை தொய்யும். அவற்றின் மேல் குறுக்கே ரீப்பர், அதாவது ஒல்லியான மரச்சட்டம், அடிக்க வேண்டும். இரண்டு ரீப்பருக்கு நடுவே 7 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது, அதாவது பெரியவர் கையில் நாலு விரல் சேர்ந்த அகலம். அதைத் தாண்டினால் ஃபோம் மெத்தை இடுக்கில் இறங்கிவிடும். தலைமாட்டையும் கால்மாட்டையும் பலகை வைத்து அடைக்காதே, காற்று அந்த வழியாகத்தான் ஓட வேண்டும். ஆணி வேண்டாம், திருகாணி போடு. ஆணி மெல்ல மேலே எழும்பி மெத்தையைக் கிழிக்கும், குழந்தையின் காலையும் கிழிக்கும். விளிம்புகளை உப்புத்தாள் போட்டு நன்றாக உருட்டிவிடு. வார்னிஷ் அடித்தால் வாடை முழுவதும் போகும் வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

செந்தில்: துளை போட்ட பிளைவுட் போதாதா?

பெரியப்பா: போதும். ஆனால் துளைகளைத் தாராளமாகப் போட வேண்டும். பெயருக்கு நாலு துளை போட்டுவிட்டுக் காற்றோட்டம் என்று சொல்லக்கூடாது.

சித்தி: எவ்வளவு தாழ்வாக இருக்கலாம்? ரொம்பத் தாழ்ந்தால் அடியில் குப்பை சேருமே, யார் பெருக்குவது?

பெரியப்பா: நல்ல கேள்வி. துடைப்பம் நுழைய 10 செ.மீ.யாவது இடம் விடலாம். இல்லாவிட்டால், ஒரே ஆள் தூக்கிச் சுவரில் சாய்த்து நிறுத்தும்படி எடை குறைவாகச் செய்துவிடலாம். பெருக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது என்கிற கட்டில்தான் தலைவலி. எதுவானாலும் வாரம் ஒரு முறை மெத்தையை நிமிர்த்தி வைத்து ஆறவிடு.

அத்தை: இரண்டு விஷயம் நான் சொல்ல வேண்டும். முதலாவது, இதைப் பார்த்துவிட்டுக் கைக்குழந்தை இருக்கிற யாரும் செய்துவிட வேண்டாம். ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனித் தொட்டில் கட்டில், இறுக்கமான சமமான மெத்தை, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்கை. அதுதான் சரி. இரண்டாவது, சுவரை ஒட்டிப் போடாதே. மெத்தை மெல்ல நகர்ந்து ஒரு சந்து உண்டாகும். அதில் குழந்தை சிக்கினால் மூச்சு முட்டிவிடும். அவள் நடந்து போகிற அளவுக்குச் சுவரிலிருந்து தள்ளிப் போடு.

மலர்: சுவரோரம் என்றால் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன்.

அத்தை: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இன்னொன்று: கம்பி போய்விட்டதல்லவா, இனி அறை முழுவதும் அவளுடைய தொட்டில். நடுராத்திரி எழுந்து அலமாரி இழுப்பறையைத் திறந்து படிபோல ஏறுவாள். அலமாரியைச் சுவரோடு திருகி வை. திரைச்சீலைக் கயிறு தொங்கக்கூடாது. பிளக் துளைகளை மூடு. நீ தவழ்ந்து அந்த அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார், என்னென்ன கைக்கு எட்டுகிறது என்று தெரியும்.

செந்தில்: அக்கா தவழும்போது வீடியோ எடுத்து இங்கே போடுகிறேன்.

பாட்டி: என் கட்டிலையும் இப்படி இறக்கிவிடுங்கள். விழுந்தாலும் அடி படாது.

அத்தை: அம்மா, உங்களுக்கு ஒத்து வராது. கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பட வேண்டும், முட்டி இடுப்புக்கு மேலே போகக்கூடாது. முட்டி உயர்ந்தால் எழுந்திருக்கிற பாரம் எல்லாம் முட்டிக்குத்தான். மருத்துவமனைகளில் தாழ்வான கட்டில் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அது மோட்டார் வைத்தது. தூங்கும்போது இறக்குவார்கள், எழுப்பும்போது ஏற்றிவிடுவார்கள்.

பாட்டி: அப்படியானால் பாப்பாவோடு படுக்கக்கூடாதா?

அத்தை: ஒரு மணி நேரம் பக்கத்தில் படுத்துக் கதை சொல்லுங்கள், யார் தடுத்தது? எழும்போது நேராக எழ முயலாதீர்கள். ஒருக்களித்துத் திரும்பி, கையும் முட்டியும் ஊன்றி, பக்கத்தில் ஆடாத நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து எழ வேண்டும். மலர், கனமான நாற்காலி ஒன்றை அங்கே போட்டுவிடு. சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம்.

மலர்: போட்டுவிடுகிறேன். பாட்டியின் கட்டில் அப்படியே இருக்கட்டும். பெரியப்பா, மரம் வாங்கலாமா?

பெரியப்பா: முதலில் மெத்தை வரட்டும். நீளம், அகலம், கனம் மூன்றையும் உறை போட்டபின் அளந்து அனுப்பு. சீட்டில் அச்சடித்த அளவை எழுதி அனுப்பாதே, கட்டிலும் மெத்தையும் ஒரு விரல் கூடப் பிசகக்கூடாது.

செந்தில்: அளவு நாடா என்னிடம் இருக்கிறது, நான் வருகிறேன்.

சித்தி: வரும்போது பழைய மெத்தையை இறக்கவும் ஒரு கை கொடு.